கட்டிக்குள் ஒரு ஊசி: புளிப்பை அளந்த கதை

மார்ச் மாத இயர் எண்டிங் முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிப் போட்டு வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். படித்தவன். மருத்துவம் எனக்குத் தொழில் இல்லை. கடன் கேட்டு வருகிறவரின் கணக்கைப் புரட்டி, இவர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் நாக்பூரில் எனக்குப் பதினொரு வருடமாகப் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, ஒரு புற்றுக்கட்டியின் புளிப்பை அளந்து பார்த்து 'இது சூட்டுக்கு அடங்கும், இது அடங்காது' என்று சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட முயன்ற ஆராய்ச்சியாளர்களின் கதையைப் படித்தபோது, நம்ம ஜாதி ஆட்கள் என்று தோன்றிவிட்டது :-)

கதை பீர் கம்பெனியில் தொடங்குகிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலைக்குச் சொந்தமாக ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த சோரன்சன் என்ற வேதியியலாளர் 1909-ல் பி.எச். என்ற அளவுகோலைக் கொண்டு வந்தார். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் புளிப்பு, அதாவது அமிலம். மேலே போனால் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்புக் காரம்). இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. 7.4-லிருந்து 6.4-க்கு இறங்கினால் புளிப்பு ஒரு மடங்கு கூடியதாக அர்த்தம் இல்லை, பத்து மடங்கு ஆனதாக அர்த்தம். வெறும் 0.3 இறங்கினாலே இரண்டு மடங்கு. கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இது புரியும். நம் ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாகக் காவல் காத்து அதை அங்கேயே வைத்திருக்கின்றன. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

அடுத்த காட்சி பெர்லின். 1920-களில் டாலெம் என்ற பகுதியில் ஓட்டோ வார்பர்க் என்பவர் எலியின் கட்டியை மெல்லிசான சீவல்களாக வெட்டி, அவை எவ்வளவு சர்க்கரை தின்கின்றன, என்ன கழிவு விடுகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். சாதாரண செல் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து முழுசாக எரித்துவிடும். கட்டியின் செல் ஏராளமான சர்க்கரையை இழுத்துக்கொண்டு, ஆக்சிஜன் பக்கத்திலேயே இருந்தாலும் பெரும்பகுதியைப் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளியது. லாக்டிக் அமிலம் வேறு ஒன்றுமில்லை, தயிரைப் புளிக்க வைப்பதும் தோசை மாவைப் புளிக்க வைப்பதும் அதுதான். வார்பர்க்குக்கு 1931-ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்கள் சுவாசிப்பதற்கு உதவும் என்சைமைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகக் கிடைத்த பரிசு அது. 'புற்றுநோய்க்குக் காரணம் அமிலம் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார்' என்று குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுற்றுவது தப்பு. புளிப்பு கட்டியிலிருந்து வருகிறது. புளிப்பிலிருந்து கட்டி வந்ததாக அவருடைய சீவல்கள் காட்டவில்லை.

சரி, இவ்வளவு அமிலத்தைக் கக்கினால் கட்டியே புளித்துப் போயிருக்க வேண்டுமே? நேரடியாக அளந்து பார்ப்போம் என்று இறங்கியவர்கள் அமெரிக்கர்கள். கார்ல் வோக்ட்லின் (பின்னால் 1938-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்கு முதல் இயக்குநர் ஆனவர்) குழு, பிராணிகளின் கட்டிகளில் கண்ணாடி மின்முனையைச் செருகி அளந்தது. சர்க்கரைக் கரைசலை உடம்பில் ஏற்றினால் கட்டியின் பி.எச். இன்னும் கீழே இறங்குகிறது என்று 1935-லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பை என்ன செய்வதென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. நாற்பது வருடம் அலமாரியில் தூங்கியது என்றே சொல்லலாம். நடுவில் 1966-ல் ஆஷ்பி என்பவர் மனிதக் கட்டிகளில் அளந்து லான்செட் இதழில் எழுதினார். ஓரிரு பேர் தொட்டார்கள், விட்டார்கள்.

இப்போது சூட்டின் கதை. இது புளிப்பின் கதையைவிடப் பழசு. 1866-ல் ஜெர்மனியின் பான் நகரத்தில் புஷ் என்ற மருத்துவர், முகத்தில் கட்டி இருந்த ஒரு பெண்ணுக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து கடுமையான காய்ச்சல் அடித்ததையும், கட்டி சுருங்கிப் போனதையும் எழுதி வைத்தார். நியூயார்க்கில் வில்லியம் கோலி 1891-ல் அதே கிருமியை நோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தார். (கோலியின் வெற்றிக்குக் காரணம் காய்ச்சலா, உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்ததா என்பது தனி விவாதம். இன்றைக்கு இம்யூனோதெரபிக்காரர்கள் அவரைத் தங்கள் தாத்தா என்கிறார்கள்.) ஸ்வீடனில் வெஸ்டர்மார்க் 1898-ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெந்நீர்ச் சூடு கொடுத்துப் பார்த்தார். எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை, ஏன் என்று யாருக்கும் தெரியாது. நம் ஊரில் கைராசி வைத்தியர் என்பார்களே, அந்த நிலைமை.

புளிப்பும் சூடும் ஒரே மேசைக்கு வந்தது 1970-களில். டென்மார்க்கில் ஓவர்கார்ட் 1976-லும், அமெரிக்காவில் லியோ கெர்வெக் 1976, 77-லும் ஒரே விஷயத்தைக் காட்டினார்கள். செல்களை 42 டிகிரி செல்சியஸ் போன்ற சூட்டில் வைத்தால், சாதாரண பி.எச். உள்ள திரவத்தில் கிடக்கும் செல் ஓரளவு தாங்குகிறது. பி.எச். 7-க்குக் கீழே போன திரவத்தில் கிடக்கும் செல் அதே சூட்டில், அதே நேரத்தில், மளமளவென்று சாகிறது. காரணத்தை எளிமையாகச் சொன்னால், சூடு செல்லுக்குள் இருக்கும் புரதங்களை உருக்குலைக்கிறது. புளிப்பு, அந்தச் சேதத்தைச் செல் பழுது பார்த்துக்கொள்ள விடாமல் செய்கிறது. இன்னொரு லாபமும் தெரிந்தது. கட்டியின் நடுவில் ரத்தம் சரியாகப் போகாத, ஆக்சிஜன் கிடைக்காத பகுதிதான் அதிகம் புளித்திருக்கும். அந்தப் பகுதிதான் கதிர்வீச்சுக்கு மசியாத பகுதியும்கூட. கதிர்வீச்சு விட்டுவைத்ததைச் சூடு பிடிக்கும், சூடு விட்டுவைத்ததைக் கதிர்வீச்சு பிடிக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்!

கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மன்ஃப்ரெட் வான் ஆர்டென் என்று ஒரு மனிதர் இருந்தார். 1930-களில் டெலிவிஷன் உருவாக்கியவர்களில் ஒருவர், போர் முடிந்ததும் சோவியத் யூனியனுக்குப் போய் அணுகுண்டுத் திட்டத்தில் பத்து வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். வார்பர்க்கின் கருத்தில் ஈர்க்கப்பட்டு, 1960-களிலிருந்து புற்றுநோய்ப் பக்கம் திரும்பினார். நோயாளிக்கு நிறைய குளுக்கோஸ் ஏற்று, கட்டி புளிக்கட்டும், பிறகு உடம்பு முழுவதையும் சூடாக்கு என்பது அவர் திட்டம். யோசனையில் தர்க்கம் இருந்தது. ஆனால் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முறையான சோதனை இல்லாததால் மற்ற நாட்டு மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. தணிக்கை செய்யாத பேலன்ஸ் ஷீட்டை வைத்து எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

1980-களில் ஹாலந்தின் ராட்டர்டாமிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் நிஜ நோயாளிகளின் கட்டிகளில் ஊசி மின்முனையைச் செருகி அளக்க ஆரம்பித்தார்கள். தோலுக்கு அடியில் கைக்கு எட்டும் கட்டிகள்தான், மார்பிலும் கழுத்திலும் மீண்டும் வந்த கட்டிகள். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய மின்முனையை உள்ளே விட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்வார்கள். அந்த நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டு வந்தவர்கள், இன்னொரு ஊசிக்கும் சரி என்று சம்மதித்திருக்கிறார்கள். தங்களுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை என்று தெரிந்தே.

எண்கள் வந்தன. சராசரி 7-ஐ ஒட்டி இருந்தது. ரத்தத்தைவிடப் புளிப்புதான், சந்தேகம் இல்லை. ஆனால் சராசரி என்பது எவ்வளவு பெரிய ஏமாற்றுக்காரன் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகக் குழு 1995-ல் வெளியிட்ட அளவுகளில் 6-க்குக் கீழேயும் இருந்தது, 7.7-க்குப் பக்கத்திலும் இருந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசம், ஒரே ஆளின் கட்டிக்கு உள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம். இருந்தாலும் அதே குழு 1994-ல், ஆரம்பத்தில் அளந்த பி.எச்.சுக்கும், கதிர்வீச்சும் சூடும் சேர்த்துக் கொடுத்தபின் கட்டி எப்படி அடங்கியது என்பதற்கும் தொடர்பு தெரிகிறது என்று எழுதியது. அதாவது முன்கூட்டிச் சொல்லலாம்! கனவு பலித்துவிட்டது மாதிரி இருந்தது.

இங்கேதான் சிக்கல் வந்தது. இரண்டு பக்கத்திலிருந்து.

முதல் சிக்கல், ஊசி எதை அளக்கிறது என்பது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். ஊசி அதைவிட எத்தனையோ மடங்கு தடிமன். அது செல்லுக்குள் போவதில்லை. செல்களுக்கு நடுவில் தேங்கி நிற்கும் திரவத்தைத்தான் அளக்கிறது. செல்லின் உள்ளே அளக்க வேறு வழி வேண்டும். அந்த வழி எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் உறவினரான காந்த அதிர்வு நிறமாலையில் இருந்தது. செல்லுக்குள் இருக்கும் பாஸ்பேட் காட்டும் கோடு, பி.எச். மாறினால் கொஞ்சம் நகரும். 1973-ல் மூனும் ரிச்சர்ட்ஸும் ரத்தச் சிவப்பணுக்களில் இதைச் செய்து காட்டினார்கள். பின்னால் கட்டிகளில் இந்த முறையில் அளந்தபோது எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக, செல்லின் உள்ளே புளிப்பே இல்லை! நடுநிலை, அல்லது அதற்கும் சற்று மேலே காரப் பக்கம். லண்டனில் கிரிஃபித்ஸ் 1991-ல் 'புற்றுநோய் செல்கள் அமிலமா?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். புற்று செல், உள்ளே உண்டாகும் அமிலத்தை விடாமல் பம்ப் அடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வீட்டைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் கொட்டுகிற ஆசாமி. ஊசி இத்தனை நாளும் தெருவை அளந்துவிட்டு, வீட்டுக்குள் நாறுகிறது என்று எழுதியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல், பழக்கம். எங்கள் நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி அடிக்கும். உள்ளூர்க்காரர் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு விற்றுக்கொண்டிருப்பார். ஊட்டியிலிருந்து அன்றைக்கு வந்து இறங்கியவர் அதே வெயிலில் ஸ்டேஷன் வாசலிலேயே சுருண்டுவிடுவார். செல்களும் அப்படித்தான். கெர்வெக்கின் சோதனையில் செல்களைத் திடீரென்று புளிப்பில் போட்டார்கள். நிஜக் கட்டியின் செல்கள் வாரக்கணக்காக, மாதக்கணக்காகப் புளிப்பிலேயே குடித்தனம் நடத்துகின்றன. ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜ் ஹான் குழு 1986-ல், புளிப்பில் நாள்பட வளர்த்துப் பழக்கிய செல்கள் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் பணிவதில்லை என்று காட்டியது. ஆக, 'இன்றைக்குப் பி.எச். எவ்வளவு' என்ற ஒற்றை எண் போதவில்லை. எத்தனை நாளாக அப்படி இருக்கிறது, உள்ளே எவ்வளவு, சிகிச்சைக்குச் சற்று முன் எவ்வளவு வேகமாக இறங்கியது, இதெல்லாம் வேண்டியிருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், மார்ச் 31-ம் தேதி பேலன்ஸைப் பார்த்து ஒருவருடைய வருடம் முழுவதையும் எடை போட முடியாது. அன்றைக்கு மட்டும் கணக்கில் பணம் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

உடனே 1935-ன் சர்க்கரை அலமாரியிலிருந்து இறங்கியது. சூடு கொடுப்பதற்குச் சற்று முன் குளுக்கோஸ் கொடுத்துத் திடீரென்று புளிக்க வைத்தால், பழகிய செல்லும் தடுமாறுமே? ஃபிலடெல்ஃபியாவில் நரம்பு வழியாகவும் வாய் வழியாகவும் கொடுத்து அளந்தார்கள். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகக் குழு, இயற்கையாகவே கட்டி வந்த வீட்டு நாய்களில் செய்து பார்த்தது. சிலருக்கு நன்றாக இறங்கியது, சிலருக்கு அசையவே இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்காத ஒன்றை எல்லாருக்கும் சிகிச்சையாக எழுதிக் கொடுக்க முடியவில்லை. நாய்களின் ஆய்வு 2006-ல் முழுமையாக வெளிவந்தபோது இன்னொன்று தெரிந்தது. வெளிப் பி.எச்.சுக்கும், நோய் பரவுவதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருந்தது. சூட்டுக்குக் கட்டி அடங்குமா என்று கேட்கப் போனவர்களுக்கு, இந்தக் கட்டி எவ்வளவு பொல்லாதது என்ற வேறொரு கேள்விக்குப் பதில் கிடைத்தது.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டிப் படித்தேன் என்று கேட்பீர்கள். போன வருடம் விருதுநகரிலிருந்து என் மாமா மகன் போன் பண்ணினான். அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சும் கீமோவும் என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் யாரோ ஒரு இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். கதிர்வீச்சு வேண்டாம், பக்க விளைவு, எங்களிடம் சூடு சிகிச்சை மட்டும் போதும், கூடவே காரத் தண்ணீர், உடம்பின் அமிலம் போனால் புற்றும் போய்விடும் என்று. "அத்தான், ரெண்டு லட்சம் சொல்றாங்க. அம்மா கதிர்வீச்சுன்னாலே பயப்படுது. கட்டிரட்டுமா?" என்றான். ரெண்டு லட்சத்தைவிட, நடுவில் போகப்போகிற மாதங்கள்தான் என்னைப் பயமுறுத்தின. "மாப்ள, ஒரு ரெண்டு நாள் பொறு" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

அந்த வாக்குறுதியில் இருந்த முரண்பாட்டை முதலில் கவனித்தேன். சூட்டுக்குக் கட்டி சாக வேண்டுமானால் கட்டி புளித்திருப்பது நல்லது என்கிறது நாற்பது வருட ஆராய்ச்சி. இவர்களோ ஒரு கையால் சூடு கொடுத்து, இன்னொரு கையால் புளிப்பைப் போக்குகிறேன் என்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே தண்ணீர் வேலை செய்தால் சூடு வேலை செய்யாது! நல்லவேளையாகத் தண்ணீரும் வேலை செய்யாது. மேலே சொன்ன 7.35, 7.45 ஞாபகம் இருக்கிறதா? எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் ரத்தம் அந்தக் கோட்டைத் தாண்ட நுரையீரலும் சிறுநீரகமும் விடாது. எலிகளுக்கு ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததில் பரவல் குறைந்ததாக 2009-ல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. ஆனால் மனிதர்களுக்கு அந்த எடைக்கு ஏற்பக் கொடுக்கப் போனபோது நோயாளிகளால் விழுங்கிக்கொண்டே இருக்க முடியவில்லை, முயற்சி நின்றுபோனது.

அடுத்து சூடு. அதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஹாலந்தில் 1990-லிருந்து 1996 வரை 358 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2000-ல் லான்செட்டில் வந்தது. அதில் கர்ப்பப்பை வாய்ப் புற்று உள்ளவர்கள் 114 பேர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதம். கதிர்வீச்சோடு சூடும் பெற்றவர்களில் 51 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஆனால் இரண்டு அணியிலும் கதிர்வீச்சு இருந்தது என்பதைக் கவனியுங்கள். சூடு மட்டும் பெற்ற அணி என்று ஒன்று கிடையவே கிடையாது. அது மட்டுமில்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் ஏற்பாட்டில் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் இதே நோய்க்கு 110 பெண்களை வைத்து நடந்த சோதனை 2005-ல் வெளிவந்தது. அதில் சூடு சேர்த்ததால் பலன் எதுவும் தெரியவில்லை. சூடாக்கிய விதமும் வெப்பத்தை அளந்த விதமும் போதவில்லை என்று ஹாலந்துக்காரர்கள் விமர்சித்தார்கள். இருக்கலாம். அதற்குள் 1999-லேயே கதிர்வீச்சோடு கீமோ சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அத்தைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதும் அதைத்தான்.

இதை அப்படியே போனில் சொன்னேன். "அங்க சூடு எவ்வளவு ஏறுதுன்னு எங்க தெர்மாமீட்டர் வச்சு அளக்கறாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாரு" என்றேன். கேட்டிருக்கிறான். வயிற்றின் மேல் தோலில் என்று பதில் வந்திருக்கிறது. அத்தை ஐந்து வாரம் கதிர்வீச்சுக்கு மதுரை போய் வந்தார். பயந்த அளவுக்கு இல்லை என்று அவரே சொன்னார்.

தெர்மாமீட்டர் கேள்வி என் மூளையில் உதித்தது இல்லை, இந்த வரலாறு கற்றுக்கொடுத்தது. 1980-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றில், மொத்தமாகப் பார்த்தால் சூட்டினால் பலன் இல்லை என்று வந்தது. பிரித்துப் பார்த்தபோது 3 சென்டிமீட்டருக்குச் சிறிய கட்டிகளில் பலன் தெரிந்தது. பெரிய கட்டிகளுக்குள் சூடு போய்ச் சேரவே இல்லை. கட்டி எவ்வளவு புளிப்பு என்று தசம பின்னத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அடுப்பே சரியாக எரியவில்லை என்பதுதான் பல இடங்களில் நிலைமை. அதனால் இன்றைக்கு முறையாகச் சூடு சிகிச்சை கொடுக்கும் மையங்களில் முதலில் பார்ப்பது வெப்பநிலையைத்தான். 41-லிருந்து 43 டிகிரி, ஏறக்குறைய ஒரு மணி நேரம், கட்டியின் உள்ளேயோ முடிந்தவரை ஒட்டியோ உணர்கருவி. பி.எச். அளந்து நோயாளியைத் தேர்ந்தெடுப்பது நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் அளக்கும் ஆசை விடவில்லை. 2008-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, விசேஷமாகத் தயார் செய்த பைகார்பனேட்டை எலிக்கு ஏற்றி, கட்டி முழுவதின் பி.எச். எப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் படமாகவே எடுத்துக் காட்டியது. ஒற்றை ஊசி, ஒற்றை எண் என்பது போய், நிலப்படம் மாதிரி எங்கே புளிப்பு, எங்கே இல்லை என்று முழுசாகத் தெரிகிறது. இன்னொரு முறையில் அயோபமிடால் என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். எலிகளில் தொடங்கி மனிதர்கள்வரை அதை முயன்று பார்த்துவிட்டார்கள். அது புது மருந்து இல்லை. சி.டி. ஸ்கேனுக்கு முன் கையில் ஊசி குத்தி நரம்பில் ஏற்றுவார்களே, உடம்பெல்லாம் ஒரு நிமிடம் சூடு பரவுமே, அந்தச் சாயங்களில் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் ஒன்றுதான்.